லாக் அக்கா பெயர் சொன்ன நாள்

கோலார் தங்கவயலில் லாக் அக்காவைப் போல அதிகத் தடவை பிறந்தவர் வேறு யாரும் கிடையாது. எனக்குத் தெரிந்தே அவருக்கு ஆறு பிறந்தநாள். செருப்புக் கடைக்கு ஒன்று, துணிக்கடைக்கு ஒன்று, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒன்று, பாத்திரக் கடையின் குலுக்கல் கூப்பனுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்திருந்தார். எந்தக் கடைக்கு எந்தத் தேதி என்பது அவருக்கு மனப்பாடம். ஒருமுறை பொங்கலுக்கு மறுநாள் ஒரு பல் மருத்துவமனை அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியது. அக்கா பல் மருத்துவமனைப் பக்கமே போனதில்லை.

"இது பாத்திரக் கடைக்குக் குடுத்த தேதி," என்று செய்தியை எங்களிடம் காட்டினார். "வித்தவன் யாருன்னு தெரிஞ்சிபோச்சில்ல."

அன்று மாலையே கடைக்குப் போய், "எம் பொறந்தநாள யாருக்கு வித்த?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் வெலவெலத்துப்போய் ஒரு எவர்சில்வர் கரண்டியை எடுத்து நீட்டினாராம். அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கினால் பில் போடுவார்கள், பில் போட்டால் போன் நம்பர் கேட்பார்கள்.

போன் நம்பர் கேட்பவர்களிடம் அவருக்கு ஒரே பதில்தான்: "எங்கிட்ட போனு இல்லம்மா." இதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அவருடைய கைப்பையிலிருந்து மணி அடிக்கும். ஒருதடவை அல்ல, நான் கூடப் போன நான்கு தடவையும் அடித்தது. பில் போடும் பெண் பையையே பார்ப்பாள். அக்கா முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. "அது என்னுது இல்ல. சும்மா வச்சிகினு கீறேன்," என்பார்.

தங்கவயலிலிருந்து பெங்களூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வரும் ரயிலில், பெண்கள் பெட்டியில், பதினொரு வருஷம் நான் அவரோடு பயணம் செய்தேன். அவர் சாம்பியன் ரீப்ஸில் ஏறுவார். நான் நந்திதுர்க் பக்கம் என்பதால் அடுத்த நிறுத்தமான ஊரிகத்தில் ஏறுவேன். இருவருமே ஒயிட்பீல்டில் இறங்குவோம். அத்தனை வருஷத்தில் ஒரு நாள் அவரே சொல்லும் வரை அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. பெட்டியில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "அக்கான்னு கூப்டா திரும்பமாட்டேனா?" என்பார். திரும்புவார்தான். ஆனால் பெட்டியில் பாதிப் பேர் அக்காக்கள். அதனால், எதையும் பூட்டியே வைப்பவர் என்று, லாக் என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது.

நான் அவரைச் சந்தித்ததே ஒரு தகராறில்தான். ஒயிட்பீல்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பு மேஜை எனக்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ரயிலில் உட்கார்ந்தபடி கூட வேலை செய்யும் பெண்ணுக்குப் போன் போட்டு, முந்தின நாள் வந்த ஒரு அம்மாளின் பெயர், வயது, தெரு, அவருக்கு வந்திருக்கும் வியாதி எல்லாவற்றையும் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எதிர் இருக்கையில் டமடமவென்று சத்தம். ஒரு அம்மாள் டிபன் பாக்ஸ் மூடியைக் கரண்டியால் அடித்துக்கொண்டே பெருங்குரலில் பாடினார். என்ன பாட்டு, எந்த மொழி என்று எதுவும் புரியவில்லை. நான் போனை வைத்ததும் அவரும் பாட்டை நிறுத்திவிட்டார். பெட்டியில் வேறு யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னா அக்கா இது?" என்றேன்.

"அந்தம்மாக்கு இன்னா நோவுன்னு அவங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது. இன்னிக்குத்தான் ரிப்போர்ட்டே குடுக்கணும்."

"இந்தப் பொட்டியில அறுவது பேருக்குத் தெரியும். அதான் தட்டுனேன்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்கா மூடியை டிபன் பாக்ஸில் பொருத்திவிட்டு, அந்த அம்மாள் யாரோ தன் சொந்தக்காரி போல, "பாவம், நல்லாவணும்," என்றார்.

யாராவது பேங்கிலிருந்து வந்த ரகசிய எண்ணைப் போனில் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாலும் இதே கச்சேரிதான். நாளடைவில் எல்லாரும் பழகிவிட்டார்கள். அவசரமாக நம்பர் சொல்ல வேண்டியவர்கள், "அக்கா, கொஞ்சம் தட்டுங்க," என்று கேட்டுக்கொண்டு, அவர் அடிக்கும் சத்தத்தின் மறைவில் சொல்லி முடிப்பார்கள். மறுமுனையில் இருப்பவருக்கும் எதுவும் கேட்காது என்பதுதான் இதிலிருந்த ஒரே குறை.

பெட்டியிலிருந்த அத்தனை போனுக்கும் பூட்டுப் போடவைத்தது அவர்தான். எங்களில் பலர் வீட்டில் எல்லாரும் எடுத்துப் பார்க்கிறார்களே என்று பூட்டே போடாமல் வைத்திருந்தோம். நான் மட்டும் கோடு இழுத்துத் திறக்கிற பூட்டு ஒன்று வைத்திருந்தேன், அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அக்கா போனை வாங்கினார், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், ஒரே இழுப்பில் திறந்து கையில் கொடுத்துவிட்டார்.

"எப்டி அக்கா?"

"தலைக்கு எண்ண வச்சிட்டு அதே வெரல்ல தொறக்கிற. கோடு பளபளன்னு தெரியுது."

அன்று ஒரு பாடம் நடத்தினார். புருஷன் பெயர், பிள்ளை பெயர், கல்யாண நாள் எதுவும் கூடாது. வாயால் சொல்லவே முடியாத ஒன்றாக இருக்க வேண்டும். "உம் மாமியாரு செய்றதுலயே உனக்கு ஆவாதது இன்னா? அத்த வை. செத்தாலும் வெளிய சொல்லமாட்ட." நான் வைத்தேன். இரண்டு வருஷம் தினமும் பத்து தடவை என் மாமியாரின் புடலங்காய்க் கூட்டை டைப் செய்து போனைத் திறந்தேன். இப்போது மாற்றிவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

டார்ச் லைட்டுக்கு ஒரு செயலியை இறக்கினால், அது நம்மிடம் உள்ள பெயர் விலாசங்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்கும். நாங்கள் கேட்டதற்கெல்லாம் சரி என்று தட்டிவிடுவோம். அக்கா அதைப் பார்த்துவிட்டால் போதும். "வெளிச்சம் அடிக்கிறதுக்கு உங்க சித்தப்பா நம்பர் இன்னாத்துக்கு?" என்பார்.

இத்தனை விவரமும் அக்காவுக்கு எங்கிருந்து வந்தது என்று நாங்கள் வியந்ததுண்டு. அவர் ஒயிட்பீல்டில் ஒரு பெரிய சாப்ட்வேர் ஆபீஸில் துப்புரவு வேலை செய்தார். மேஜை மேஜையாகத் துடைக்கும்போது கம்ப்யூட்டர்களின் ஓரத்தில் மஞ்சள் தாள் ஒட்டியிருக்கும். அதில் கடவுச்சொல் எழுதியிருக்கும். அக்கா அவற்றைக் கிழித்துப் போடாமல், படிக்காமல், அந்தந்த மேஜை இழுப்பறைக்குள் குப்புறப் போட்டுவிடுவார். மறுநாள் அந்தப் பொறியாளர்கள் தாளைத் தேடி அல்லாடும்போது, "தம்பி, வூட்டு சாவிய வாசப்படியிலயா மாட்டிவெப்ப?" என்று கேட்டுவிட்டுத் துடைப்பத்தோடு நகர்ந்துவிடுவார்.

அந்த ஆபீஸின் பாதுகாப்புப் பிரிவு ஒருநாள் ஒரு சோதனை வைத்தது. யாரோ தவறவிட்டதைப் போலச் சில பென் டிரைவ்களை அங்கங்கே போட்டுவைத்தார்கள். ஆசைப்பட்டு எத்தனை பேர் எடுத்துச் செருகுகிறார்கள் என்று பார்ப்பது திட்டம். படித்த பிள்ளைகள் எடுத்தார்கள், செருகினார்கள். மாடிப்படியில் கிடந்த ஒன்றை மட்டும் அக்கா குப்பை முறத்தில் தள்ளி, கையால் தொடாமல் நேராகப் பாதுகாப்பு அதிகாரியின் மேஜைக்கே கொண்டுபோய், "யாரோ எதுவோ வச்சிட்டுப் போயிருக்காங்க சார். நா தொடல," என்றார். சோதனையில் தேறிய ஒரே ஆள் அவர்தான். பரிசாக ஒரு காப்பிக் கோப்பை கொடுத்து, ஆபீஸ் பத்திரிகையில் போட ஒரு போட்டோ கேட்டார்கள். கோப்பையை வாங்கிக்கொண்டார். போட்டோவுக்கு மறுத்துவிட்டார். கடைசியில் முறத்தை மட்டும் படமெடுத்துப் போட்டார்களாம்.

அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் பெட்டியில் இல்லை. நானும் செய்திருக்கிறேன். ஒருநாள் பங்காருபேட்டையில் ரயில் நெடுநேரம் நின்றபோது, "எங்கிட்ட மறைக்க இன்னா அக்கா கீது? பாத்துட்டுப் போறாங்க," என்றேன். அக்கா முந்தானையால் டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா மைன்ல வேல செஞ்சாரு," என்றார். "ஷிப்ட் முடிச்சி கேஜ்ல மேல வந்தா, தடவிப் பாத்துட்டுத்தான் வெளிய வுடுவாங்க. வாயத் தொற, தலமுடியக் காட்டு, சட்டையக் கழட்டு. தங்கம் எட்த்துகினு போறாங்களான்னு. எங்கப்பா ஒரு நாளும் ஒரு பொட்டு எட்த்ததில்ல. அவருகிட்ட மறைக்க ஒண்ணுமே கெடையாது. வூட்டுக்கு வந்து குளிச்சி முடிக்கிற வரைக்கும் எங்க மூஞ்சியப் பாக்கமாட்டாரு. பேசமாட்டாரு. நாங்க சின்னப் புள்ளைங்க, ஏன்னு தெரியாது." பாக்ஸைப் பைக்குள் வைத்தார். "மறைக்க ஒண்ணும் இல்லாதவனுக்கும் மானம் கீது இல்ல?"

ரயில் கிளம்பியது. அதற்குப் பிறகு அந்தக் கிண்டலை நான் செய்ததில்லை.

இவ்வளவு கற்றும் நான் ஒரு பெரிய தவறு செய்தேன்.

எங்கள் பெட்டிக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. ரயில் எங்கே வருகிறது, யார் இடம் பிடித்திருக்கிறார்கள் என்பதற்காக. அதில் ஸ்டெல்லா என்றொரு பெண். முப்பது வயது இருக்கும், வாயே திறக்காதவள். பெங்களூரில் ஒரு தையல் ஆலையில் வேலை. சாம்பியன் ரீப்ஸில் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று அந்தக் காலத்தில் கட்டிய வரிசை வீடுகளை லைன் என்போம். அதில் கடைசி லைனில் இருந்தாள். அவள் புருஷன் தண்ணீர் லாரி ஓட்டினான். அந்தப் பகுதிக்குத் தண்ணீர் விட ஒப்பந்தம் எடுத்தவருடைய லாரி அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா குரூப்பில் ஒரு குரல் செய்தி போட்டாள். மூன்று வாரமாகக் கடைசி லைனுக்குத் தண்ணீர் வரவில்லை, லாரி ரிப்பேர் என்கிறார்கள், ரிப்பேரெல்லாம் இல்லை, செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு வரவேண்டிய லாரி கல்யாண மண்டபத்துக்குப் போகிறது, லைனில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று அழுகையும் கோபமுமாகப் பேசியிருந்தாள். கேட்கும்போதே எனக்கு ரத்தம் கொதித்தது. ஊரெல்லாம் தெரியட்டும் என்று, நான் உறுப்பினராக இருந்த ஊர்த் தண்ணீர் குரூப்புக்கு அதைத் தூக்கிப் போட்டேன். ஸ்டெல்லாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்ற வேகத்தில் கேட்கத் தோன்றவே இல்லை.

மதியத்துக்குள் அந்தக் குரல் ஊரைச் சுற்றிவிட்டது. மாலையில் லாரி ஓனரின் ஆட்கள் இரண்டு பேர் என் வீட்டு வாசலில் நின்றார்கள். குரல் யாருடையது என்று தெரியவில்லை, ஆனால் அதை முதலில் போட்டது என் நம்பர் என்று தெரிந்துவிட்டது.

"யார் பேசனது இது?"

"எனக்கும் வந்துச்சுங்க. அனுப்புனேன்," என்றேன்.

"நாளைக்கு வேல முடிச்சி வந்ததும் போன எட்த்துகினு ஆபீசுக்கு வாங்க. ஓனர் பாக்கணும்னாரு. லாரி எங்க போவுதுன்னு உள்ள இருக்கிறவனுக்குத்தான் தெரியும். அது யாருன்னு அவருக்குத் தெரியணும்."

உள்ளே இருக்கிறவன் என்றால் ஸ்டெல்லாவின் புருஷன்தான். அவன் வேலை போய்விடும். அதோடு நிற்குமா என்பதும் தெரியாது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ரயிலில் ஏறியதும் ஸ்டெல்லாவைத் தேடினேன். கழிவறை ஓரத்து இருக்கையில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். "ஸ்டெல்லா, அத நாந்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்க்கா. நம்பர் காட்டுதே," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

அக்காவிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டமடமவென்று அடித்து என்னைப் பெட்டியிலிருந்தே துரத்துவார் என்று நினைத்தேன். அவர் டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு இட்லியை மூடியில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல துன்னு. அப்பறமா அழுவலாம்."

நான் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து இருக்கை இருக்கையாகப் போனார். ஒவ்வொருவர் போனிலும் ஸ்டெல்லாவின் குரலை நீக்கவைத்தார். யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. ஸ்டெல்லாவிடம் வந்தபோது அவள் தலையில் கையை வைத்து, "நீ எதுவும் சொல்லல. போன வாரம் உனக்குத் தொண்ட கட்டிகினு இருந்துது. செரியா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

மாலையில் ஊரிகத்தில் நான் இறங்கியபோது அக்காவும் இறங்கினார். அவர் இறங்க வேண்டிய இடம் அது இல்லை. "எங்க அக்கா?" என்றேன். "நடம்மா," என்றார்.

லாரி ஓனரின் ஆபீஸ் நந்திதுர்க் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் லாரிக்குப் பதிவு செய்ய வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். ஓனர் என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். "போனக் குடுங்க."

என் கை பைக்குள் போனது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

"அவ போனு உனக்கு இன்னாத்துக்கு? அதுல அவ புள்ள போட்டோ கீது, டாக்டர் சீட்டு கீது. உனக்கு வேண்டியது ஒரு பேரு. அதான?"

"நீங்க யாரு?"

"நான்தான் பேசனது. எழுதிக்கச் சொல்லு."

பக்கத்தில் ஒரு கணக்குப்பிள்ளை நோட்டோடு இருந்தார். அக்கா நிதானமாகத் தன் பெயரைச் சொன்னார். முழுப் பெயர். அப்பா பெயர், லைன் எண், வீட்டு எண், பிறந்த தேதி, கடைசியில் போன் நம்பர். அத்தனை வருஷமாக எந்தக் கடைக்கும் எங்களுக்கும் கொடுக்காததை, அந்தத் தகரக் கொட்டகையில் ஒவ்வொன்றாகச் சொல்லி, கணக்குப்பிள்ளை எழுதி முடிக்கும் வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னார்.

ஓனர் தன் போனில் அந்தக் குரலை ஓடவிட்டார். ஸ்டெல்லாவின் குரல் கீச்சென்று மெல்லியதாக இருக்கும். அக்காவுடையதோ மழைக்கால இடி.

"இது உங்க கொரலா?"

"போன்ல அப்டித்தான் கேக்கும்."

யாரோ சிரித்தார்கள். ஓனர் சிரிக்கவில்லை. "நா இன்னா பைத்தியமா?" என்றார்.

"சந்தேகமா இருந்தா திருப்பிச் சொல்றேன், ஒத்துப் பாத்துக்கோ," என்ற அக்கா, வாசலில் நின்றவர்கள் பக்கம் திரும்பினார். செவ்வாயும் வெள்ளியும் கடைசி லைனுக்கு வரவேண்டிய லாரி எங்கே போகிறது, ரிப்பேர் என்று எத்தனை தடவை சொன்னார்கள், கைக்குழந்தைக்காரிகள் எங்கே போய்க் குடம் தூக்குகிறார்கள் என்று ஒரு வரி விடாமல் சொன்னார். குரல் செய்தியில் இல்லாத இரண்டு விஷயங்களையும் சேர்த்துக்கொண்டார். நின்றிருந்தவர்களில் ஒரு பெரியவர், "எங்க லைனுக்கும் அதே கததான்," என்றார். இன்னொரு அம்மாள் அவரைத் தொடர்ந்தார். பிறகு எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஓனர் எழுந்து நின்றார். "அவதூறுன்னு கேஸ் போடுவேன்."

"போடு. அதுக்கு முன்ன பேர செரியா எழுதியிருக்காரான்னு பாத்துக்கோ. எழுத்து மாறிப்போனா கேஸு நிக்காது." அக்கா நோட்டை எட்டிப் பார்த்தார். "அப்பா பேருல ஒரு எழுத்து வுட்டுட்டீங்க சார்."

கணக்குப்பிள்ளை திருத்தினார். நாங்கள் வெளியே வந்தோம். ரோட்டு முனை வரை அக்கா விறுவிறுவென்று நடந்தார். அவருடைய கை என் தோளில் இருந்தது. இரண்டு தடவை திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார்.

"பயந்துட்டீங்களா அக்கா?"

"பின்ன?" என்றார். "பேர மட்டும் மறந்துடு."

கேஸ் எதுவும் வரவில்லை. அத்தனை பேர் வாயைத் திறந்துவிட்ட பிறகு கடைசி லைனுக்கு லாரி ஒழுங்காகப் போக ஆரம்பித்தது. ஆனால் அக்காவின் லைனுக்கு நின்றுபோனது. லாரி அவர் வீட்டுக்கு முன்னால் வரும்போது ஒவ்வொரு தடவையும் தண்ணீர் தீர்ந்துவிடும். அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்கள். அக்கா எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலைந்து நாள் ஒரே புடவையில் வந்ததைப் பார்த்து, ஸ்டெல்லாதான் அவள் புருஷனிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டாள்.

அன்று அவள் முதல்முறையாகப் பெட்டியின் நடுவில் நின்று உரக்கப் பேசினாள். "நாளைலேர்ந்து எல்லாரும் ஆளுக்கொரு பெரிய பாட்டில் எட்த்துகினு வாங்க," என்றாள்.

மறுநாள் மாலை ஒயிட்பீல்டிலும் அதைத் தாண்டியும் எத்தனை ஆபீஸ் இருக்கிறதோ அத்தனை ஆபீஸ் குடிநீர் எந்திரத்திலிருந்தும் தண்ணீர் ரயில் ஏறியது. ஆஸ்பத்திரித் தண்ணீர், ஆலைத் தண்ணீர், கால் சென்டர் தண்ணீர். பூதிகோட்டையிலிருந்து வேலைக்கு வரும் ஒருத்தி பங்காருபேட்டையில் இறங்க வேண்டியவள். தன் பாட்டிலை அக்கா மடியில் வைத்துவிட்டு இறங்கினாள். நானும் ஊரிகத்தில் இறங்கவில்லை. சாம்பியன் ரீப்ஸ் நடைமேடையில் நாற்பது பாட்டில்களை வரிசையாக அடுக்கினோம். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இத்தினிய வச்சிகினு நா இன்னா பண்றது?" என்றார். பிறகு அதில் பாதியை, தன்னைப் பற்றி முணுமுணுத்த வீடுகளுக்கே கொடுத்தார்.

பன்னிரண்டு நாள் இப்படி நடந்தது. பதின்மூன்றாம் நாள் ஸ்டெல்லாவின் புருஷன் லாரியை அக்காவின் லைனுக்குள் திருப்பி, ஒரு வார்த்தை பேசாமல் எல்லார் வீட்டுப் பீப்பாயையும் நிரப்பிவிட்டான். ஓனர் கேட்டதற்கு, "அந்தம்மா வூட்டாண்ட நிறுத்தாதன்னுதான் சொன்னீங்க. நா பக்கத்து வூட்டாண்ட நிறுத்தனேன்," என்றானாம். ஓனருக்கும் அலுத்துப்போயிருக்க வேண்டும். விட்டுவிட்டார்.

அக்கா இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். முட்டி வலி, வேலையை விட்டுவிட்டார். நான் இன்னும் அதே ரயிலில்தான் போகிறேன். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதும் போன் போட்டு அனுமதி கேட்டேன். கேட்காமல் அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"எழுதிக்கோ. பேரு மட்டும் போடாத," என்றார். "ஸ்டெல்லாவ கேட்டியா?"

"கேட்டேன் அக்கா. அவ பேரையும் மாத்திட்டேன். ஸ்டெல்லான்ற பேரு அவளே குடுத்தது."

"நல்லது. தண்ணி விஷயத்த மட்டும் நல்லா வெளக்கமா எழுது." கொஞ்சம் நிறுத்தினார். "நீ எப்டி கீற?"

நல்லா இருக்கேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஒரு மாதமாக வீட்டில்கூடச் சொல்லாமல் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை, அப்படியே அவரிடம் சொல்லிவிட்டேன். அது என்னவென்று இங்கே எழுதமாட்டேன், வாசகர்கள் மன்னிக்க வேண்டும். அக்கா நடுவில் ஒரு கேள்வி கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நான் அழுது முடித்து மூக்கைச் சிந்தும் வரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வேற யாருக்கும் தெரியாதில்ல?"

"தெரியாது அக்கா."

"செரி. எங்கிட்டயே இருக்கட்டும்," என்றார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.